வீட்டுக்கு நாஸ்: திருகோணமலையில் எதைப் பார்த்து வாங்குவது?

உப்புவெளிக்கரை
வீட்டுக்கு நாஸ் ஒண்டு, அதாவது வீட்டு நெட்வேர்க்கில எல்லாரும் பாவிக்கிற டிஸ்க் பெட்டி, வாங்கப் போறன். வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். நாலு போன், ஒரு லப்டொப், பழைய கல்யாண வீடியோக்கள் எல்லாம் சேர்த்து 1.5 டெராபைட் வரும். டிவியில படமும் பார்க்கோணும். இரண்டு டிஸ்க் போடுற பெட்டி போதுமோ?

ஓர்ஸ்ஹில்வாசி
பெட்டி கிடக்கட்டும் தம்பி, முதல்ல ரவுட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கோ. பைபர் இணைப்போடு குடுக்கிற சில ரவுட்டர்களில நாலு லான் துளையில ஒண்டுதான் கிகாபிட், மற்ற மூண்டும் 100 மெகாபிட். 100இல நொடிக்கு 11 மெகாபைட் போகும், கிகாபிட்டில 110. உங்கட 1.5 டெராபைட்டை ஏத்த கிகாபிட்டில நாலு மணித்தியாலம், 100இல ஒண்டரை நாள். சின்னச் சின்னப் படங்கள் எண்டால் இன்னும் இழுக்கும். ஐந்து துளை கிகாபிட் சுவிட்ச் ஒண்டு வாங்கி, நாஸையும் கணினியையும் அதில குத்துங்கோ.

கேபிளையும் நம்பாதேங்கோ. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேணும். ஒண்டு அறுந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடக்கூடும். எல்லாரும் பெட்டியைத்தான் திட்டுவினம்.

சாம்பல்தீவு டெக்
இரண்டு டிஸ்க் போதும். 4 டெராபைட் இரண்டைக் கண்ணாடி முறையில், அதாவது ரெய்ட் 1இல் போட்டால் பாவிக்கக் கிடைப்பது 4தான். திரையில் 3.63 என்று காட்டும். அது களவு இல்லை, எண்ணுகிற முறை வேறு.

டிஸ்க்கில் கவனிக்க வேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆரில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றைத் திருத்தி எழுத, அடுத்ததுகளையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாளில் தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புதியதில் எல்லாவற்றையும் மீள எழுதும்போதுதான் நாட்கணக்காகத் தவழும். சிலவேளை இடையில் பிழை காட்டி நின்றும் விடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே வந்தது. ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர்.

கடையில் 'புதுசு' என்று தந்தாலும் ஸ்மார்ட் விபரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் குறிப்பை, திறந்து பாருங்கள். 9ஆம் இலக்கம் ஓடிய மணித்தியாலம். 5ஆம் (பழுதாகி மாற்றிய இடங்கள்), 197ஆம் (பழுது என்று சந்தேகப்படும் இடங்கள்) இலக்கங்களின் மூல எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

நிலாவெளி வீதி
படம் பார்க்கப் பெரிய புரொசசர் வேணும் எண்டு சொல்லுவினம். கோப்பை டிவி தானே வாசிச்சால் நாஸ் சும்மா எடுத்துக் குடுக்கும், அவ்வளவுதான். டிவிக்கு விளங்காத டிடிஎஸ் ஒலி, படமாகவே பதிஞ்ச சப்டைட்டில், இப்பிடி ஏதாவது வந்தால்தான் நாஸ் அதை வேற வடிவத்துக்கு உருமாத்த வேண்டி வரும். அப்ப சினோலஜி கொம்பனியின் டிஎஸ்223ஜே மாதிரி 1 ஜிபி ராம் பெட்டி மூச்சு வாங்கும். செலரோன் ஜே4125 புரொசசர் உள்ள டிஎஸ்224+ தாங்கும். சப்டைட்டிலைத் தனி எஸ்ஆர்டி எழுத்துக் கோப்பா, யூடிஎஃப்-8 எண்ட யூனிகோட் முறையில சேமிச்சு வையுங்கோ. பழைய பாமினி எழுத்துருவில தட்டினது எண்டால் டிவியில ஆங்கில எழுத்துக் குப்பைதான் ஓடும்.

கடற்படை வீதி
உப்புக் காத்தை ஒருத்தரும் சொல்லேல்ல. கடல் பக்க யன்னலுக்குக் கீழே வைத்தால் விசிறி உப்பையும் தூசியையும் இழுத்து உள்ளே படிய விடும். லான் துளையின் மஞ்சள் ஊசிகள் பச்சை பிடிக்கத் தொடங்கினால் இணைப்பு வந்து வந்து போகும். உள் அறை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, திறந்த தட்டு. தூசி விழாமல் பூத்துணி போட்டு மூடுறதை மட்டும் செய்யாதேங்கோ. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில அறையே 34, 35 பாகை. டிஸ்க் 45ஐத் தாண்டினால் விசிறி வேகத்தைக் கூட்டுங்கோ, 50க்கு எச்சரிக்கை வையுங்கோ.

கரண்ட். 650 விஏ யூபிஎஸ் தாராளம், நாஸும் ரவுட்டரும் சேர்ந்து 30 வாட் அளவுதான். ஆனால் யூஎஸ்பி துளை உள்ளதாகப் பார்த்து வாங்கி, அதை நாஸில குத்துங்கோ. இல்லாட்டில் கரண்ட் போனதே நாஸுக்குத் தெரியாது; பற்றரி தீரும் வரைக்கும் எழுதிக்கொண்டிருந்து படார் எண்டு நிற்கும். 2022இல 13 மணித்தியாலம் வெட்டினது ஞாபகம் இருக்கும்தானே, எந்தப் பற்றரி தாங்கும்? ஐந்து நிமிடத்தில் தானாக மூடும்படி வையுங்கோ. இந்த வெக்கையில யூபிஎஸ் பற்றரி இரண்டு, மூன்று வருஷம் போனால் சோதிச்சுப் பார்க்கோணும்.

ஓர்ஸ்ஹில்வாசி
தமிழில பெயர் வைக்கிறவைக்கு ஒண்டு. சினோலஜியில பூட்டின (குறியாக்கம் செய்த) போல்டருக்குள்ள கோப்பின் பெயர் 143 பைட்டுக்கு மேல போகாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொண்டும் 3 பைட், 'தி' எண்டால் இரண்டு குறியீடு. 'திருகோணமலை' மட்டுமே 30 பைட். 'அக்காவின் கல்யாணம் திருகோணமலை கோணேசர் கோயில் இரண்டாம் நாள்' எண்டு நீட்டினால் நகல் இடையில நிண்டுபோகும். பெயரைச் சுருக்கி, திகதியை இலக்கத்தில போடுங்கோ.

உப்புவெளிக்கரை
ரெய்ட் 1 இருந்தால் பெக்கப் தனியா வேணுமோ?

சாம்பல்தீவு டெக்
வேணும். ஒரு பக்கம் அழித்தால் அதே நொடியில் மறுபக்கமும் அழியும். ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்துக் கோப்புகளின் நிலையைப் பதிந்து வைப்பது) உள்ள பெட்டி என்றால் தினம் ஒன்று, 30 நாள் வைத்திருங்கள். வெளியே இருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டாம், போர்ட்டைத் தானாகத் திறந்து விடும் யூபிஎன்பியை அணைத்து விடுங்கள். 2022 ஜனவரியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் டெட்போல்ட் வைரஸ் பிடித்தது இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் கொம்பனிப் பெட்டிகளைத்தான். டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலி போட்டால் போர்ட் திறக்காமலே உள்ளே போகலாம்.

பெக்கப் பிரதி யூஎஸ்பி டிஸ்க்கில். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர், அதை அதே வீட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். வவுனியாவிலோ கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில் ஒன்று, உங்களிடம் ஒன்று, போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தனுப்ப முன்னம் ஒரு போல்டரை வேறு கணினியில் இறக்கி, படம் திறக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய பெக்கப் என்றால் சாவிக் கோப்பை நாஸுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.