அப்பாவுக்கு வைரஸ் நிமோனியா: மருந்து ஆய்வுக்குக் கையெழுத்துப் போடலாமா?

குடியாத்தம் மகள்:
அப்பாவுக்கு 64 வயது, கைத்தறி நெசவு. ஃப்ளூ காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். மாஸ்க்கில் ஆக்சிஜன் போகிறது, பேசுகிறார். ஸ்டீராய்டு உதவுமா என்று பார்க்கும் ஆய்வில் சேர்க்கலாமா என்று டாக்டர் படிவம் கொடுத்தார். யாருக்கு மருந்து என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யுமாம். "சோதனை எலி ஆக்கிடுவாங்க" என்கிறார் சித்தப்பா. கொரோனாவில் கேட்ட மருந்துதானே, நேராகவே கொடுக்கச் சொல் என்கிறான் அண்ணன். நாளைக்குள் சொல்ல வேண்டும்.

ஆம்பூர்க்காரன்:
தமிழ்ப் படிவம் கேளுங்க. புரியாமல் போடாதீங்க.

காட்பாடி சிஸ்டர்:
தங்கச்சி, ஓய்வு பெறும்வரை ஐசியூவில்தான் இருந்தேன். ஸ்டீராய்டு கிடைக்காத பிரிவில் விழுந்தாலும் ஆக்சிஜனும் வழக்கமான சிகிச்சையும் தொடர வேண்டும். அதை டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2020இல் கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா கேட்டு ஜனங்கள் வாட்ஸ்அப்பில் கெஞ்சியதைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. பிளாஸ்மா மரணத்தைக் குறைக்கவில்லை. அதே வருடம் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. இப்படிப் பிரித்துப் பார்க்காவிட்டால் பிளாஸ்மாவையே தேடி ஓடிக்கொண்டிருப்போம்.

உங்கள் அண்ணனுக்கும் இதுதான் பதில். கொரோனாவில் கேட்டது ஃப்ளூவிலும் கேட்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஸ்டீராய்டால் வைரஸ் உடம்பை விட்டுப் போகத் தாமதமாகலாம் என்ற கவலை டாக்டர்களுக்கு உண்டு.

நானாக இருந்தால் சம்மதிப்பேன். ஆனால் அப்பா பேசுகிறார் என்கிறீர்களே, அப்போது முடிவு அவருடையது. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணும், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் கேட்டு வாங்குங்கள். பாதியில் விலகலாம், அதனால் சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மருந்து ஆய்வுகளுக்கான மத்திய அரசின் 2019 விதிகளில் இருக்கிறது.

குடியாத்தம் மகள்:
சிஸ்டர், அவருக்குச் சர்க்கரை உண்டு. பரவாயில்லையா?

காட்பாடி சிஸ்டர்:
அதை முதலில் சொல்லுங்கள் தங்கச்சி. ஸ்டீராய்டு போனால் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்த்து இன்சுலின் மாற்ற வேண்டிவரும். சேர்க்கலாமா என்பதே அதைப் பொறுத்து மாறலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் காலையில் கையோடு எடுத்துப் போங்கள்.