கொடியின் பொருளைச் சொன்னால் போதுமா, பிறந்த கதையையும் சொல்ல வேண்டுமா?

செங்காந்தள்:
ஆகஸ்ட் நெருங்கினால் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தேசியக் கொடிப் பாடம் எங்கும் ஒரே மாதிரிதான். சிவப்பு உலகச் சகோதரத்துவமும் மனிதச் சமத்துவமும். வெள்ளை என்றும் நிலைக்கும் தூய்மையும் நற்பண்பும். பிறை வளர்ந்துவரும் இளம் நாடு. நட்சத்திரங்கள் ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், செப்டம்பரில் மறந்துவிடுகிறார்கள். இந்த வடிவம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மனத்தில் நிற்கும். 1959இல் துணைப் பிரதமர் தோ சின் சாய் தலைமையில் ஒரு குழு இதை வடிவமைத்தது. கொடி முழுவதும் சிவப்பாக இருக்கட்டும் என்பது அவருடைய முதல் எண்ணம். சிவப்பைக் கம்யூனிஸ்டுகளின் நிறமாகப் பார்த்த காலம் அது, அமைச்சரவை ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் யோசித்தது மூன்று நட்சத்திரங்கள். மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் சின்னமும் அப்படியே இருந்ததால் ஐந்தாக மாற்றினார்கள். இது சீனர்களின் நாடு என்ற எண்ணம் மலாய் மக்களுக்கு வரக்கூடாது என்பதும் பிறைக்கு ஒரு காரணம். இதையெல்லாம் ஏன் விட்டுவிடுகிறோம்?

கரும்பலகை:
விட்டுவிடச் சொல்லவில்லை, வயது பார்க்கச் சொல்கிறேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் பிறை மலாய்க்காரர்களுக்காக வந்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளை உடனே கேட்கும்: “அப்போ நமக்கு எது?” வகுப்புக்குப் போய்ப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் “இது உன்னுடையது” என்றும் சொல்லும். அதிகாரபூர்வ விளக்கத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கொடியில் பங்கு பிரிக்க அது இடம் தருவதில்லை. அதைத்தான் முதலில் ஊன்ற வேண்டும். இன்னொன்று, தலைவர்கள் சொன்னதே ஒன்றுபோல் இல்லை. சீனாவின் கொடியைப் பார்த்து ஐந்து நட்சத்திரங்களைச் சீனர்கள் விரும்பினார்கள், பிறையை முஸ்லிம்கள் விரும்பினார்கள் என்பது அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தந்த விளக்கம். செங்காந்தள் எடுத்துச் சொன்ன தோவின் விளக்கத்தோடு இது சேரவில்லை. எதைப் பாடமாக வைப்பீர்கள்?

ஜூரோங்வாசி:
இதற்கு முன்பே ஒரு தவறு திருத்தப்பட வேண்டும். கொடி 1965இல் பிறந்தது என்றே பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1959 டிசம்பர் 3 அன்று, யூசோஃப் இஷாக் நாட்டின் தலைவராக (யாங் டி பெர்த்துவான் நெகாரா) பதவியேற்ற நாளில், நகர மண்டபத்தில் கொடியும் தேசிய கீதமும் சின்னமும் ஒன்றாக அறிமுகமாயின. 1963இலிருந்து மலேசியாவுக்குள் அது மாநிலக் கொடி. 1965 ஆகஸ்ட் 9க்குப் பிறகுதான் தேசியக் கொடி. சுவரில் ஒரு கோடு போட்டு இந்த மூன்று ஆண்டுகளை ஒட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

வரைதாள்:
செய்துபார்க்காமல் எந்தப் பொருளும் ஏறாது. விகிதம் 2:3. ஏ4 தாளை அப்படியே எடுத்தால் உயரம் 12 மில்லிமீட்டர் கூடுதலாக நிற்கும். 27 சென்டிமீட்டருக்கு 18 என வெட்டினால் நடுக்கோடு 9இல் வரும், சின்னப் பிள்ளையும் அளந்துவிடும். நட்சத்திரங்களைச் சுற்றிச் சாயம் தீட்ட விடாதீர்கள். சிவப்பு கசிந்து முனைகள் மழுங்கும். 27க்கு 9 சிவப்புத் தாளை மேல்பாதியில் ஒட்டி, வெள்ளைத் தாளில் வெட்டிய பிறையையும் நட்சத்திரங்களையும் அதன்மேல் இடப்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பிறைக்கு ஒரு வட்டம் வரைந்து, இரண்டாவதைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி வெட்ட வேண்டும். நகர்த்தாவிட்டால் வளையம்தான் வரும். நட்சத்திரங்களுக்கு மெல்லிய வட்டம் போட்டு, உச்சியில் தொடங்கி 72 பாகைக்கு ஒரு புள்ளி. பக்கவாட்டில் தொடங்கினால் ஐங்கோணம் சாய்ந்துவிடும். ஐந்தும் ஒரே அளவு. ஒன்றைப் பெரிதாக வெட்டினால் சீனக் கொடியின் சாயல் வந்துவிடும்.

சுவரில் நெடுக்காக மாட்டும்போது அதிகம் தவறுகிறது. பார்ப்பவருக்குப் பிறை இடது மேல்மூலையில் இருக்க வேண்டும். கொடியை வெறுமனே வலப்பக்கம் திருப்பினால் பிறை வலது மூலைக்குப் போய்விடும். திருப்பிய பின் மறுபக்கத்தைக் காட்ட வேண்டும். காகிதக் கொடிக்கு மறுபக்கம் வெறுமையாக இருப்பதால் அதைக் கிடைமட்டமாக மாட்டுவதே நல்லது.

ஜூரோங்வாசி:
பாடம் முடிந்ததும் இவை வகுப்புக் குப்பைத்தொட்டியில் கிடந்தால் சொன்னதெல்லாம் வீண். கிழிந்த, பழைய கொடியைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டித்தான் அகற்ற வேண்டும் என்பது விதிமுறை. காகிதக் கொடிக்கும் அதையே பழக்குங்கள்.

செங்காந்தள்:
கரும்பலகை அவர்களே, நாம் வாய் திறக்காவிட்டாலும் அந்தக் கேள்வி வரும். பள்ளிவாசல் உச்சியில் பிறையைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. “நமக்கு எது?” என்றால் சமத்துவத்தைக் குறிக்கும் ஐந்தாவது நட்சத்திரத்தையும் காலைக் கொடியேற்றத்தில் சொல்லும் தேசிய உறுதிமொழியான பற்றுறுதியையும் காட்டுங்கள். 1966இல் அதை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த, அன்றைய வெளியுறவு அமைச்சர் ராஜரத்னம். இன, மொழி, மத வேறுபாடு பாராமல் ஒன்றுபடுவோம் என்றுதான் அது தொடங்குகிறது. இரு தலைவர்களின் விளக்கங்களையும் தொடக்கநிலை 5இல் அருகருகே வைத்துப் படிக்கலாம்.

கரும்பலகை:
ராஜரத்னத்தைச் சொல்வது சரி, தொடக்கநிலை 1இலேயே சொல்லுங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஐந்தானதையும் தொடக்கநிலை 5இல் ஏற்கிறேன். இரு விளக்கங்களையும் ஒப்பிடுவதற்குக் கம்யூனிஸ்டுக் கட்சி யார், 1950களில் எதற்காக மோதல் என்ற பின்னணி வேண்டும். அது உயர்நிலை 2 வரலாற்றுக்கு உரியது. பின்னணி இல்லாமல் அருகருகே வைத்தால் பிள்ளைக்குத் தங்குவது இனக் கணக்கு மட்டும்தான்.