ஒரு அங்குலக் கட்டம் போட்டு வரைந்தால் கை பழகுமா, கெடுமா?

கரித்துண்டு:
புதிதாக வரையத் தொடங்குவோருக்கு நீர்வண்ணம் அவர்கள் சென்ற வாரம் இந்த ஓவியக் குழுவில் வழங்கிய அறிவுரையைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. புகைப்படத்தின்மேல் ஒரு அங்குலக் கட்டம் போடுங்கள், தாளிலும் அதே கட்டத்தைப் போட்டு ஒவ்வொன்றாக நிரப்புங்கள், முகம் அச்சு அசலாக வந்துவிடும், அந்த மகிழ்ச்சியே அடுத்த படத்துக்கு உங்களை இழுத்துச் செல்லும் என்று எழுதியிருந்தார். இப்படி நாற்பது முகங்களை வரைந்து முடித்த ஒருவரைப் பேருந்து நிலையத்தில் உட்காரவைத்து, எதிரே பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவை வரையச் சொல்லிப் பாருங்கள். அந்த அம்மாவின் முகத்தில் கட்டம் இருக்காது, ஆகவே இவருக்குக் கையும் ஓடாது. முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனைக்கும் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் தலையின் உயரத்தைப் பிடித்து, உடல் அதில் எத்தனை மடங்கு என்று அளக்கப் பழகியவருக்கு அடிக்கோல் எதற்கு? ஒரு அங்குலக் கட்டம் என்பது நீச்சல் தெரியாதவன் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சுரைக்குடுக்கை.

நீர்வண்ணம்:
சுரைக்குடுக்கை கட்டித்தான் எங்கள் ஊர்க் கிணற்றில் எல்லோரும் நீந்தப் பழகினோம், ஐயா. எட்டு மாதங்களாகப் பென்சிலைத் தொடாமல் இருந்தவள் நான். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தால், வரைகிற முகமெல்லாம் கண்கள் நெற்றியில் ஏறிக்கொண்டு ஏதோ நோயாளியைப் போலத் தெரியும். மனம் வெறுத்து நோட்டை மூடிவிடுவேன். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் ஏறத்தாழச் சரிபாதியில்தான் கண் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது நீங்கள் பழிக்கின்ற அந்த ஒரு அங்குலக் கட்டம்தான். உங்களைப் போல எல்லோருக்கும் பேருந்து நிலையத்தில் உட்கார நேரம் வாய்ப்பதில்லை.

பதாகைக்காரர் மகன்:
கரித்துண்டு அவர்களின் பதிவை இருமுறை படித்தேன். என் தந்தை சென்னையில் திரைப்படப் பதாகைகளும் கட்டவுட்டுகளும் வரைந்தவர். கையளவுப் புகைப்படத்தில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்வார். பிறகு காவிப்பொடி தடவிய நூலைப் பதாகைத் துணியின் இரு முனைகளிலும் இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார்; கோடு சிவப்பாக விழும். சிறுவனாக நூல்முனை பிடித்து நின்றவன் நான். புகைப்படத்தில் எத்தனை கட்டமோ துணியிலும் அத்தனை கட்டம், அளவுதான் பெரிது. பக்கத்தில் நின்று வரையும்போது மூக்கு எது, கன்னம் எது என்றே தெரியாத அளவில், ஏணியைவிட்டு இறங்கிப் பார்க்காமல் நாற்பதடி முகத்தை முடித்தவருக்கு வரையத் தெரியாது என்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதுகிறார். பிளக்ஸ் வந்து அவருடைய தொழில்தான் போனது, கை போகவில்லை. ஐரோப்பாவிலும் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இலேயே தம் அளவியல் நூலில் ஓவியர் கட்டச் சட்டத்தின் வழியாகப் பார்த்து வரைவதைப் படமாகவே போட்டிருக்கிறார். அவரிடமும் சுரைக்குடுக்கைக் கதையைச் சொல்லுங்கள்.

கரித்துண்டு:
பதாகைக்காரர் மகன் அவர்களே, வரலாற்றைத் தொடுமுன் நூலைத் திறந்து பார்ப்பது நல்லது. டியூரரின் நூல் 1525இல் வந்தது உண்மை. நீங்கள் சொல்லும் படம், அதாவது படுத்திருக்கும் பெண்ணைக் கட்டச் சட்டத்தின் வழியே ஓவியர் பார்க்கும் படம், 1538ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இருக்கிறது. டியூரர் இறந்தது 1528இல். உங்கள் தந்தையாரின் திறமையை நான் குறை சொல்லவே இல்லை. வரையத் தெரிந்த பிறகு அவர் கட்டத்தைப் பயன்படுத்தினார்; இங்கே வரையத் தெரிவதற்கு முன்பே ஒரு அங்குலக் கட்டத்தைக் கையில் கொடுக்கிறார்கள்.

பதாகைக்காரர் மகன்:
என் தந்தைக்குப் பன்னிரண்டு வயதில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட வேலையே கட்டம் போடுவதுதான். அவருக்கு வரையத் தெரிந்தது முன்பா பின்பா என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஓவிய ஆசிரியர் (ஓய்வு):
முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு சொல். அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் கைவரை ஓவியத் தாளுக்கு மாணவர்களைத் தயார் செய்யும்போது நான் கட்டம் போட விட்டதில்லை. மெல்லிய நடுக்கோடு ஒன்று, அதற்கு இருபுறமும் சமமான தூரத்தில் சில புள்ளிகள், அவ்வளவுதான். ஆனால் அளவே கூடாது என்பவர்களையும் ஏற்க மாட்டேன். நம் சிற்ப மரபில் ஒரு தாலம் என்பது பன்னிரண்டு அங்குலம், தெய்வச் சிலைகளுக்கான உயர்ந்த அளவாகிய உத்தம தசதாலத்தில் முழு உருவம் 124 அங்குலம் என்று வகுத்துக்கொண்டுதான் உளியை எடுத்தார்கள். அங்குலத்தை வெறுத்தால் நடராசரும் இல்லை.

கரித்துண்டு:
ஆசிரியர் ஐயா, தங்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சிற்ப நூலின் அங்குலம் வேறு, அடிக்கோலின் அங்குலம் வேறு. அந்த அங்குலம் சிலையின் உயரத்தோடு கூடும், குறையும். அதைக் கொண்டுவந்து இந்த ஒரு அங்குலக் கட்டத்துக்கு முட்டுக் கொடுப்பது தங்கள் அனுபவத்துக்கு அழகல்ல. ஓவியர் சில்பி அவர்கள் கோயில் கோயிலாகச் சென்று, சிலைகளுக்கு எதிரே அமர்ந்து நேரில் பார்த்து வரைந்தாரே, அவர் தெய்வத் திருமேனியில் நூல் கட்டினாரா?

ஓவிய ஆசிரியர் (ஓய்வு):
அங்குலத்தின் இலக்கணத்தை எனக்கே கற்பிக்கும் தம்பி, முதலில் என் பதிவின் இரண்டாம் வரியைப் படிக்கவும். நான் கட்டத்தை ஆதரிக்கவே இல்லை.

பதாகைக்காரர் மகன்:
சில்பியின் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம். வான்கோ 27 வயதில்தான் ஓவியராவது என்று முடிவெடுத்தார். 1882இல் ஹேக் நகரில் இருந்தபோது, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய ஒரு சட்டத்தைச் செய்வித்து, இரண்டு நீண்ட கால்களில் அதை மணலில் நட்டு, அதன் வழியே கடற்கரையையும் வயல்களையும் பார்த்து வரையப் பழகினார். அதைப் பற்றித் தம்பி தியோவுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அவருக்கும் கை கெட்டுப்போயிற்றோ?

கரித்துண்டு:
நன்றி, என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். வான்கோ சட்டத்தை எங்கே நட்டார்? வெட்டவெளியில். எதைப் பார்த்தார்? நிலத்தை. உயிருள்ள ஒன்றுக்கும் கண்ணுக்கும் நடுவில் அவர் நூலைக் கட்டினார். நீங்கள் செத்த புகைப்படத்தின்மேல் ஒரு அங்குலக் கட்டம் போடுகிறீர்கள். மேலும், அவர் இந்தச் சட்டத்தோடு நிற்காமல் சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியரின் அச்சிட்ட பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதாகைக்காரர் மகன்:
அச்சிட்ட தாளைப் பார்த்து வரைந்தால் உயிர், அச்சிட்ட புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் பிணமா? கரித்துண்டு அவர்களின் கோபத்துக்கு வேறு காரணம் உண்டு என்பது பழையவர்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு அவர் பதிவிட்ட தம் தாத்தாவின் கரிக்கோல் ஓவியத்தில் இடக்காது வலக்காதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது என்று நான் சொன்னேன். அன்று முதல் கட்டம் என்ற சொல்லே அவருக்குக் கசக்கிறது.

கரித்துண்டு:
என் தாத்தாவின் இடக்காது உண்மையிலேயே தாழ்ந்துதான் இருந்தது. இளமையில் கனத்த கடுக்கன் போட்டிருந்தவர். நேரில் பார்த்து வரைந்தவனுக்கு அது தெரியும். கட்டத்தில் வளர்ந்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இதை அப்போதே விளக்கியிருந்தேன், தாங்கள் பதில் சொல்லவில்லை.

பதாகைக்காரர் மகன்:
கடுக்கன் மடலைத்தான் இழுக்கும், காதின் மேல்விளிம்பை இழுக்காது. படத்தில் மேல்விளிம்பும் தாழ்ந்திருந்தது.

ஓவிய ஆசிரியர் (ஓய்வு):
அந்தப் படத்தை நானும் பார்த்தேன். தலை சற்றுச் சாய்ந்திருந்தது என்று நினைக்கிறேன். சாய்ந்த தலையில் கண்கோடும் காதுகளும் சேர்ந்தே சாயும். அந்தப் படத்தில் கண்கள் மட்டும் நேராக இருந்தன.

கரித்துண்டு:
ஆக இருவர் சேர்ந்து காலஞ்சென்ற ஒரு பெரியவரின் காதைத் திருகுகிறீர்கள். என் கேள்விக்கு இன்னும் ஒருவர்கூட விடை சொல்லவில்லை. ஒரு அங்குலக் கட்டத்தில் நாற்பது முகம் வரைந்தவர், கட்டம் இல்லாமல் நாற்பத்தோராவது முகத்தை வரைவாரா, மாட்டாரா?

நீர்வண்ணம்:
இப்போதும் என் மேசையில் ஒரு படம் பாதியில் இருக்கிறது. என் அம்மாவின் முகம், மொத்தம் 42 கட்டங்கள். நேற்று இரவு பதினேழாவது கட்டத்தில் மூக்கின் நிழல் வந்தது. 2பி பென்சிலால் தேய்த்தபோது அது மூக்காகத் தெரியவில்லை. ஏதோ ஒரு கறுப்புத் திட்டு, ஓரத்தில் வளைந்த வெள்ளை. பக்கத்துக் கட்டத்தை முடித்த பிறகுதான் அம்மா மூச்சு விடுவதைப் போல் இருந்தது. எட்டு மாதத்தில் முதன்முறையாக இரவு ஒரு மணி ஆனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கரித்துண்டு:
நிழலுக்கு 2பி போதாது, 6பி வேண்டும். இதைச் சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும். உங்கள் அம்மா வீட்டில்தானே இருக்கிறார்? அவரை எதிரே உட்காரவைத்து வரைவதைவிட்டு எதற்காக அவருடைய புகைப்படத்தை 42 துண்டுகளாக நறுக்குகிறீர்கள்?

நீர்வண்ணம்:
அம்மா இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

பதாகைக்காரர் மகன்:
இதற்கும் 1538ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏதேனும் விடை இருக்கிறதா, கரித்துண்டு அவர்களே?

கரித்துண்டு:
நீர்வண்ணம் அவர்களின் இழப்புக்கு வருந்துகிறேன். அது தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அதைச் சாக்கிட்டு என் கேள்வியை விழுங்கிவிட முடியாது. நான் கேட்டது நாற்பத்தோராவது முகத்தைப் பற்றி. பதாகைக்காரர் மகன் அவர்களாவது, இதுவரை கட்டம் இல்லாமல் வரைந்த முகம் ஒன்று இருந்தால் இங்கே பதிவிடட்டும், காதுகளையும் சேர்த்துப் பார்ப்போம்.