நாலு கீமோவுக்குப் பிறகு கட்டி சுருங்கிவிட்டது, மறுபடி எம்.ஆர்.ஐ. எதற்கு?

திருமங்கலத்து மகள்:
அம்மாவுக்கு 58 வயது, இடது மார்பில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுக்கிறார்கள். சிவப்பு மருந்து நாலு தடவை ஏறிவிட்டது. ஆரம்பத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 42 மி.மீ.; போன வாரம் வேறொரு சென்டரில் எடுத்த அல்ட்ராசவுண்டில் 28. அம்மாவே தொட்டுப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழமா இருந்தது, இப்ப நெல்லிக்காய்தான்" என்கிறாள். ஆனாலும் டாக்டர் திரும்ப எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார். போன தடவை குப்புறப் படுத்ததில் தோள்வலி வந்து இரண்டு நாள் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. அவசியம் எடுக்கத்தான் வேண்டுமா?

ஸ்கேன் அறை அண்ணன்:
எடுத்துவிடும்மா. நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். 42 ஒரு கருவி சொன்னது, 28 இன்னொன்று சொன்னது. இரண்டையும் கழித்துப் பார்க்கக் கூடாது. நீளம் 30 சதவீதமாவது குறைந்தால்தான் 'பார்ஷியல் ரெஸ்பான்ஸ்', அதாவது மருந்துக்குக் கட்டி ஓரளவு மசிந்திருக்கிறது என்பார்கள். உன் கணக்குப்படி 33 வருகிறது. 28 என்பது 30 ஆக இருந்தால்கூட அந்தக் கோட்டைத் தொடாது.

அப்புறம், எல்லாக் கட்டியும் உருண்டையாகவே சுருங்குவதில்லை. சிலது நடுநடுவே செத்து, வெண்பொங்கலில் மிளகு கிடக்கிற மாதிரி அங்கங்கே உயிரோடு மிஞ்சும். கைக்கு அது தட்டுப்படாது. காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி எடுத்தால் ரத்தம் பாயும் இடம் பளிச்சென்று தெரியும். எவ்வளவு தூரம் வெட்டி எடுக்க வேண்டும் என்பதை சர்ஜன் அதை வைத்துத்தான் திட்டமிடுவார்.

தோள்வலியை முதலிலேயே சொல்லிவிடு, துண்டை மடித்து அண்டை கொடுப்பார்கள். சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டையும், பழைய எம்.ஆர்.ஐ. படம் இருக்கிற சி.டி.யையும் மறக்காமல் கொண்டுபோ.

ஆறு வருஷம் தாண்டியவள்:
தங்கச்சி, அம்மாவுக்குக் கட்டிக்குள் கிளிப் வைத்தார்களா? அரிசிமணியை விடச் சின்ன உலோகத் துண்டு அது. எனக்குக் கீமோவிலேயே கட்டி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கிளிப்பை அடையாளமாக வைத்துத்தான் வெட்டினார்கள். மேமோகிராமில் மட்டும் சுண்ணாம்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன. மருந்து கேட்கவில்லையோ என்று ராத்திரியெல்லாம் அழுதேன். கடைசியில், வெட்டியெடுத்த சதையைப் பரிசோதித்தபோது புற்று செல் ஒன்றுகூட இல்லை. செல் செத்தாலும் சுண்ணாம்பு கரையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திருமங்கலத்து மகள்:
ஃபைல் முழுக்கப் புரட்டிவிட்டேன் அக்கா, கிளிப் என்ற வார்த்தையே கண்ணில் படவில்லை. அடுத்த மருந்து ஏறுவதற்குள் டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன். அண்ணா, பழைய சி.டி. பீரோவில் இருந்தது, எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.