போகும்போது 45 லிட்டர், வரும்போது 34

கடலோரத்தான், டர்பன்:

டர்பனையும் ஜொகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தங்கை மகளின் நிச்சயதார்த்தத்திற்கு நேரமாகிவிடுமே என்ற பதற்றத்தில், ஜொகன்னஸ்பர்க் போகும்போது வேகமுள்ளை 120க்குக் கீழே இறங்க விடவில்லை. ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட்ட பையன் முன்கண்ணாடி முழுவதையும் துடைத்து முடித்த பிறகும் பம்பில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தக் காட்சிதான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. போக 45 லிட்டர் ஆயிற்று. திரும்பும்போது 100இல் நிதானமாக வந்தேன். 34 லிட்டரே ஆயிற்று. ஏறத்தாழ 570 கிலோமீட்டரில் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க 11 லிட்டரைக் காற்றில் விட்டிருக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் வாசி:

அண்ணா, முழுப் பழியையும் வேகத்தின் மேல் போடலாகாது. ஜொகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒன்றரை டன் வண்டியை அவ்வளவு உயரம் ஏற்றுவதற்கே இரண்டரை லிட்டர் அளவுக்குப் போய்விடும்; இறங்கும்போது அதில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகவே உங்கள் 11இல் நான்கு லிட்டராவது மேட்டின் கணக்கு.

நான் நாள்தோறும் டர்பனுக்குப் போய் வருகிறவன்; ஏற்றமும் இறக்கமும் ஒரே நாளில் கழிந்துவிடும். ஒரு வாரம் 120, மறுவாரம் 100 என்று ஓட்டி, மரியன்ஹில் சுங்கச் சீட்டின் பின்புறத்தில் குறித்துவைத்தேன்: நூறு கிலோமீட்டருக்கு 7.9 லிட்டர், அடுத்து 6.7. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. அது வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது.

லெனேசியாக்காரர்:

தைப்பூசத்திற்கு டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் போகையில் காவடிச் சட்டங்களைத் தார்ப்பாயில் சுற்றிக் கூரைமேல் கட்டியிருந்தோம். 120ஐத் தொட்டதும் தார்ப்பாய் உடுக்கைபோல் அடித்துக்கொண்டது; பெட்ரோல் முள்ளும் கூடவே சரிந்தது. கேட்காமலே சொல்கிறேன்: வேலை முடிந்ததும் கூரைச் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள், வெறும் சட்டமும் காற்றைப் பிடிக்கும். டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன்பே பாருங்கள். வான் ரீனன் கணவாயில் ஏறும்போது தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை நம்பாமல், வேகம் சற்றுக் குறைந்தால் குறையட்டும் என்று விடுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் நம்மில் பலர். அது ஆபத்து மட்டுமல்ல, நட்டமும்கூட. கியரிலேயே வைத்து மிதியிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமலிருக்கவே குடித்துக்கொண்டிருக்கும்.

கடலோரத்தான், டர்பன்:

தம்பி, மேட்டுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானாலும் மீதி ஏழு லிட்டர் என் வலது கால் செய்த வேலைதானே? திருமணம் சித்திரையில். இம்முறை இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு ஏற்றத்தையும் 100இலேயே ஏறுகிறேன். சீட்டின் பின்புறத்தில் குறித்து வந்து இங்கேயே எழுதுகிறேன்.