வீல்-ஆன் டிரெய்னரை விட்டு டைரக்ட் டிரைவுக்கு மாறலாமா? (வேளச்சேரி, இரண்டாவது மாடி)

வேளச்சேரி_ரைடர்:
வணக்கம். மூன்று வருடமாக வீல்-ஆன் டிரெய்னரில் மிதிக்கிறேன். சைக்கிளை வீட்டுக்குள் ஒரே இடத்தில் நிறுத்தி, பின் டயரை ஓர் உருளை மேல் அழுத்தி வைத்து ஓட்டும் ரகம். திரையில் சாலையும் மேடும் காட்டும் ஸ்விஃப்ட் ஆப்போடு ப்ளூடூத்தில் இணைத்துக்கொள்வேன். இப்போது மூன்று தொல்லைகள்.

வாட் கணக்கு, அதாவது எவ்வளவு பலமாக மிதிக்கிறேன் என்ற எண், நிலையாக இல்லை. ஆரம்பத்தில் 180 காட்டிய அதே மிதிக்கு அரை மணி கழித்து 200 காட்டுகிறது. அப்புறம், எழுந்து நின்று வேகம் பிடித்தால் டயர் வழுக்குகிறது. தரையில் கறுப்பு ரப்பர் தூள் விழுந்து கிடக்கிறது, குனிந்தால் கருகல் வாசனை. மூன்றாவதுதான் பெரிது. காலை 5 மணிக்கு மிதிக்கிறேன். போன வாரம் கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார்: "தம்பி, விடியக்காலைல மிக்ஸி ஓடற மாதிரி இருக்கு, பாப்பா முழிச்சுக்குது."

70 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் டைரக்ட் டிரைவ் வாங்கலாமா?

பழைய_ஸ்பானர்:
வாங்குங்கள். நீங்கள் சொன்ன முதல் இரண்டு தொல்லையும் டயரில் இருந்து வருபவை. வீல்-ஆன் டிரெய்னர்கள் பெரும்பாலும் உருளையின் வேகத்தை வைத்துத்தான் வாட்டைக் கணக்கிடும். டயர் சூடானால் உருளும்போது வரும் தடை குறையும், அதே மிதிக்கு உருளை கொஞ்சம் வேகமாகச் சுற்றும், திரையில் எண் ஏறும். காற்று 10 பிஎஸ்ஐ குறைந்தாலும் கணக்கு மாறும். அதனால்தான் பத்து நிமிடம் மிதித்துச் சூடாக்கிய பிறகு ஸ்பின்-டவுன் செய்யச் சொல்கிறார்கள். அதாவது, வேகம் ஏற்றி, மிதிப்பதை நிறுத்தி, சக்கரம் தானாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று டிரெய்னரை அளக்க விடுவது. இதை ஒவ்வொரு முறையும் செய்கிறீர்களா?

டைரக்ட் டிரைவில் டயரே கிடையாது. செயின் நேராக டிரெய்னரின் கேசட்டில், அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கில், ஓடும். வாஹூ கிக்கர் கோருக்குத் துல்லியம் 2 சதவீதம் என்கிறார்கள், டாக்ஸ் நியோ 2டிக்கு 1 சதவீதம். வீல்-ஆனில் 3 முதல் 5 சதவீதம் சாதாரணம். 200 வாட்டில் 5 சதவீதம் என்றால் மேலும் கீழும் 10 வாட். பயிற்சித் திட்டம் போட்டு மிதிப்பவருக்கு அந்தப் பத்து வாட்தான் 'இன்று முடியும்', 'இன்று முடியாது' என்பதற்கு நடுவில் இருக்கும் வித்தியாசம்.

கோவளம்_வரை:
நான் இதற்கு முழு எதிர். 70 ஆயிரத்தைக் கொண்டுபோய் வீட்டுக்குள் நகராமல் நிற்கும் ஒரு பெட்டியில் போடாதீர்கள்.

வேளச்சேரியில் இருந்து கிளம்பினால் விடிவதற்குள் திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் இருக்கலாம். முட்டுக்காடு பாலத்தின் மேல் வரும் எதிர்காற்றை எந்த டிரெய்னரும் தராது. கூட்டத்தில் ஓட்டுவது, வளைவில் சாய்வது, திடீரென்று குறுக்கே வரும் நாய்க்கு பிரேக் பிடிப்பது, இதெல்லாம் சாலையில்தான் வரும். சென்னையில் பனியா கொட்டுகிறது, ஐந்து மாதம் உள்ளேயே இருக்க? மழைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கத்திரிக்கு மே மாதம். அதற்கு இருக்கிற டிரெய்னர் போதும்.

வாட் சரியாகத் தெரிய வேண்டும் என்றால் பெடலிலேயே பவர் மீட்டர் வாங்குங்கள். ஃபவெரோ அசியோமா மாதிரி பெடல்களுக்கும் 1 சதவீதத் துல்லியம்தான். அதையே ஸ்விஃப்டில் பவருக்கு இணைத்துவிட்டால் டயர் சூடானாலும் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதே பெடலோடு கோவளம் போகலாம். ஒரே அளவுகோல், உள்ளேயும் வெளியேயும்.

இரவுப்பணி:
கோவளம் அண்ணா, "ஈசிஆர் போங்கள்" என்று இந்த விஷயம் வரும்போதெல்லாம் யாராவது சொல்கிறார்கள். எல்லோருக்கும் அது முடிகிற காரியம் இல்லை.

நான் ஓஎம்ஆரில் அமெரிக்க ஷிஃப்ட். வீட்டுக்கு வரும்போது மூன்றரை ஆகிவிடும். அந்த இருட்டில் ஒரு பெண் தனியாக ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுவதை என் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கே தைரியம் இல்லை. தண்ணி லாரியும் ஆம்னி பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும் ரோடு. எனக்கு வீட்டுக்குள் கிடைக்கும் அந்த 50 நிமிடம்தான் சைக்கிள். வாரத்துக்கு நான்கு நாள், வருடம் முழுக்க. அதை 'மழைக்கால ஏற்பாடு' என்று தள்ளிவிட முடியாது.

போன வருடம் வீல்-ஆனில் இருந்து டைரக்ட் டிரைவுக்கு மாறினேன். துல்லியத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது எர்க் மோடு. 160 வாட் என்று வைத்தால் நான் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் டிரெய்னர் தடையை மாற்றி 160லேயே பிடித்து வைக்கும். பழையதில், வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சியின்போது 120ல் இருந்து 220க்குப் போகச் சொன்னால் டயர் முதலில் வழுக்கும், பிறகு பிடிக்கும், அதற்குள் முப்பது விநாடியில் பாதி போய்விடும். இப்போது மூன்று நான்கு மிதியிலேயே எடை காலுக்கு வந்துவிடுகிறது. வேலை முடிந்து மூளை களைத்த நேரத்தில் கியரைப் பற்றி யோசிக்காமல் மிதிக்கலாம்.

வேளச்சேரி அண்ணா, ஒரு எச்சரிக்கை. எர்க்கில் கால் சோர்ந்து சுழற்சி குறைந்தால் அதே வாட்டுக்காகத் தடை இன்னும் கூடும், கூடினால் சுழற்சி இன்னும் குறையும், கடைசியில் சேற்றில் மாட்டிய மாதிரி நின்றுவிடும். முன்பக்கம் சின்னப் பல்சக்கரத்தில் போட்டு, நிமிடத்துக்கு 85 சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டே இருங்கள். சத்தமும் குறையும்.

கோவளம்_வரை:
தங்கை சொன்னது சரி. எல்லோருக்கும் சாலை ஒரே மாதிரி இல்லை என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் கேள்வி கேட்டவருக்கு என் பதில் மாறவில்லை. அவருக்கு டிரெய்னரை விடப் பெரிய பிரச்சினை அறை.

200 வாட் மிதிக்கிறீர்கள் என்றால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்கு வருகிறது. மிச்சம் 600 வாட்டுக்கு மேல் சூடாக உடம்பில் இருந்து வெளியே வருகிறது. பெடலுக்குப் போன 200ஐயும் டிரெய்னரின் பிரேக் சூடாக மாற்றி அதே அறைக்குள் விடுகிறது. மூடிய அறையில் ஒரு மணி நேரம் இஸ்திரிப் பெட்டியை ஓட விட்ட மாதிரி. இது சென்னை. வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அரை மணி கழித்து அவர் களைத்துப் போனால், அதில் டயரை விட இதற்குப் பங்கு அதிகம் என்பேன்.

முதலில் நல்ல பெடஸ்டல் ஃபேன் இரண்டு வாங்குங்கள், ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று முதுகுக்கு. ஏர் கூலர் வாங்கிவிடாதீர்கள், நம் ஊர்க் காற்றில் அது இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும். ஏசி இருந்தால் போடுங்கள். ஒரு டன் ஏசி சுமார் 3500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும், உங்களைத் தாராளமாகச் சமாளிக்கும். இவ்வளவும் செய்துவிட்டு ஒரு மாதம் மிதித்துப் பாருங்கள். அப்புறமும் டிரெய்னர்தான் குறை என்றால் பேசலாம்.

பழைய_ஸ்பானர்:
ஃபேன் விஷயத்தில் உடன்படுகிறேன். பெடலில் இல்லை. பெடல் மீட்டர் எண்ணைச் சரி செய்யும், டயர் வழுக்குவதை நிறுத்துமா? கீழ் வீட்டுக் குழந்தை தூங்குமா? அவர் கேட்ட மூன்றில் ஒன்றுக்குத்தான் அது மருந்து.

வியர்வை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போன மாதம் ஒரு நண்பரின் சைக்கிளைப் பிரித்தேன். வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் நான்கு போல்ட்டில் இரண்டு, தலைக்குள் உப்புப் பூத்து வெள்ளையாகக் கெட்டியாகிவிட்டன. ஆலன் கீ உள்ளே இறங்கவே இல்லை. குச்சியால் சுரண்டி, எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி வைத்து எடுத்தேன். ஒன்று வந்தது, மற்றொன்றின் தலை மழுங்கிவிட்டது. ஹேண்டில்பார் டேப்பை உரித்தால் அடியில் அலுமினியம் பொடிப்பொடியாக அரித்திருந்தது. எந்த டிரெய்னராக இருந்தாலும் டாப் டியூப், அதாவது இருக்கைக்கு முன்னால் போகும் மேல் குழாய், மேல் துண்டைக் கட்டுங்கள், இறங்கியதும் ஈரத் துணியால் துடையுங்கள்.

வேளச்சேரி_ரைடர்:
ஸ்பின்-டவுன் மாதம் ஒரு முறைதான் செய்தேன், அது என் தவறு. நேற்று செய்து பார்த்தேன். 20 வாட் வித்தியாசம் 8க்கு இறங்கியது. ஃபேன் ஒன்று வாங்கிவிட்டேன், துடிப்பு உண்மையிலேயே குறைவு.

சத்தத்தையும் சோதித்தேன். என் மகனை மிதிக்கச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுச் சமையலறையில் போய் நின்றேன். மிக்ஸி என்று அவர் சொன்னது மிகை இல்லை. ஙொய்ங் என்ற சத்தம் சுவர் வழியாக இறங்குகிறது, மேடையில் வைத்திருந்த எவர்சில்வர் தட்டு மெல்ல அதிர்ந்தது. ரப்பர் பாய் இரண்டு அடுக்குப் போட்டேன். தட்டு நின்றது, ஙொய்ங் நிற்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நடுத்தர மாடலா, இன்னும் கொஞ்சம் சேர்த்து உயர்ந்ததா? உயர்ந்த மாடலான கிக்கர் 20 சதவீத ஏற்றம் வரை தரும், நடுத்தரமான கிக்கர் கோர் 16 என்கிறார்கள். எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும், அதுவும் கவலை.

இரவுப்பணி:
ஏற்றத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்விஃப்டில் 'டிரெய்னர் டிஃபிகல்டி' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, யாரும் தொடாவிட்டால் அது 50 சதவீதத்தில் இருக்கும். திரையில் 14 சதவீத ஏற்றம் வந்தால் காலுக்கு 7தான் தெரியும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, மேலே போகத் தேவையான வாட் அப்படியேதான் இருக்கும், கியர் மாற்றுவது மட்டும் குறையும். 21 வளைவு, 12 கிலோமீட்டர் ஆல்ப் டு ஸ்விஃப்டை நான் அப்படித்தான் ஏறினேன்.

கோவளம்_வரை:
இதில் மட்டும் தங்கையோடு ஒத்துப்போக மாட்டேன். கடற்கரை ஊர்க்காரனுக்கு மேடு பழக டிரெய்னர்தான் வழி என்றால், அதைப் பாதியாக்கிக்கொண்டு பழகுவதில் என்ன பயன்? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏற்றம் என்று ஒன்று கிடையாது. நூறில் வையுங்கள், மெதுவான சுழற்சியில் அழுத்தி மிதிக்கக் கால் பழகட்டும். ஆனால் நூறில் வைத்தாலும் 16 தாராளம்.

பழைய_ஸ்பானர்:
கரண்ட் போனால் கோர் மாதிரி டிரெய்னர்களில் தடை போய்விடும். நியோ 2டி மிதியிலேயே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், இறக்கத்தில் தானாக உருட்டிவிடும் வசதி மட்டும் இருக்காது. ஆனால் கரண்ட் போனால் ஃபேனும் நிற்குமே! வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிரெய்னர், ஃபேன், வைஃபை மூன்றையும் அதில் போட்டு நடுத்தர மாடலையே வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் உங்கள் சைக்கிளின் பின் ஆக்ஸில் நெம்புகோலால் கழற்றும் குவிக் ரிலீஸா, திருகிக் கழற்றும் 12 மிமீ த்ரூ ஆக்ஸிலா என்று பாருங்கள். கேசட் பெட்டியில் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் உங்கள் சக்கரத்தில் இருக்கும் அதே பல்சக்கர எண்ணிக்கையில் ஒன்று வாங்கி, அதைப் பூட்டும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். ஒற்றைப் பல்சக்கரத்தோடு வருபவையும் இருக்கின்றன, அவற்றில் கியர் மாற்றுவதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். டிரெய்னர் 18 கிலோ இருக்கும், லிஃப்ட் இல்லை என்றால் இரண்டு பேராகத் தூக்குங்கள்.

வேளச்சேரி_ரைடர்:
த்ரூ ஆக்ஸில், 11 ஸ்பீடு. லிஃப்ட் இல்லை. கோரையே சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வருகிறது. வந்ததும் முதல் வேலையாக மகனை மேலே மிதிக்க வைத்துவிட்டு அதே சமையலறையில் போய் நிற்கப் போகிறேன். தட்டும் அதே இடத்தில் இருக்கும். கேட்டதை இங்கே எழுதுகிறேன்.