ட்ரோம்மர் பிஸ்கட்ல வெடிப்பு வரல: பேக்கிங் அம்மோனியாவுக்கு மாற்று உண்டா?

கரகரமொறுமொறு:
ஸ்வீடன் நாட்டு ட்ரோம்மர் செய்யணும். செய்முறைல பேக்கிங் அம்மோனியா (மாவை உப்ப வைக்கிற தூள்) 1 தேக்கரண்டின்னு இருக்கு. அதுக்குப் பதிலா சமையல் சோடா போட்டா பிஸ்கட் மஞ்சளாகுது, கடைசில லேசா சோப்பு மாதிரி ஒரு சுவை நிக்குது, மேல வெடிப்பும் விழல. வேற எதாவது போடலாமா? அளவெல்லாம் டெசிலிட்டர்ல இருக்கு. 4 டெசிலிட்டர் மைதான்னா எத்தனை கிராம்? கூடவே கோலாஸ்னித்தார் (டாஃபி மணக்கிற பிஸ்கட்), ஹாலோன்க்ரோட்டர் (நடுவுல ஜாம் வச்ச பிஸ்கட்) ரெண்டையும் அதே நாள்ல சுடணும். எதை முதல்ல வைக்கிறது?

மாவுச்சல்லடை:
முதலில் அளவு. 1 டெசிலிட்டர் என்றால் 100 மி.லி. ஸ்வீடிஷ் செய்முறைகளில் 1 டெசிலிட்டர் மைதாவை 60 கிராம் என்றும், சர்க்கரையை ஏறக்குறைய 85 கிராம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆக 4 டெசிலிட்டர் மைதா 240 கிராம். கோப்பையை மாவுப் பைக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி இதைவிட நிறைய ஏறிவிடும். மாவு கூடினால் உருண்டை உருண்டையாகவே நிற்கும், பரவாது. தராசு இருந்தால் கோப்பையை மறந்துவிடுங்கள்.

ட்ரோம்மருக்கு: வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 255 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 1 டெசிலிட்டர், வெனிலா சர்க்கரை 2 தேக்கரண்டி, பேக்கிங் அம்மோனியா 1 தேக்கரண்டி, மைதா 240 கிராம்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழியும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. சர்க்கரை சேர்த்து நிறம் வெளுத்துப் பஞ்சுபோல ஆகும்வரை 4, 5 நிமிடம் அடியுங்கள். எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே அடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கலவை திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும், பிறகு பிஸ்கட் தட்டையாகப் படுத்துவிடும். எண்ணெய் சேர்ப்பது வெண்ணெயை மிச்சம் பிடிக்க அல்ல: அது மாவுத் துகள்களைப் பூசிக்கொண்டு பசைத்தன்மை உண்டாகாமல் தடுக்கிறது. வாயில் போட்டதும் பொடிந்து கரைவது அதனால்தான்.

அம்மோனியாவைக் கட்டியில்லாமல் நுணுக்கி, மாவோடு சலித்து, கடைசியில் சேருங்கள். மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். 14 கிராம் உருண்டைகளாக உருட்டினால் ஏறக்குறைய 50 வரும். இடைவெளி விட்டு அடுக்கி, 150 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். வெந்த பிறகும் வெளுப்பாகத்தான் இருக்கும். பொன்னிறத்துக்குக் காத்திருந்தால் காய்ந்துபோகும். சூடாக இருக்கும்போது தொட்டாலே உடையும், அதனால் ட்ரேயிலேயே ஆறட்டும்.

அடுப்பங்கரை_வேதியியல்:
மாற்று பற்றி. பேக்கிங் அம்மோனியா என்பது அம்மோனியம் பைகார்பனேட். சூடு பட்டதும் அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என மூன்றாகப் பிரிந்து முழுவதும் பறந்துவிடும், பிஸ்கட்டில் எதுவும் தங்காது. சமையல் சோடா அப்படி இல்லை. புளிப்பான பொருள் எதுவும் இல்லாத மாவில் அது சோடியம் கார்பனேட்டை விட்டுச் செல்கிறது. உங்களுக்கு வரும் சோப்புச் சுவையும் மஞ்சளும் அதனுடையவைதான்.

கிடைக்கவில்லை என்றால் அதே அளவு பேக்கிங் பவுடர் போடலாம். தின்ன நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே நுண்ணிய துளை துளையான மொறுமொறுப்பும் அந்த வெடிப்பும் குறையும். என்னைக் கேட்டால், அதற்கு ட்ரோம்மர் என்று பெயர் வைக்காமல் வெனிலா பிஸ்கட் என்றே சொல்லிவிடலாம்.

அம்மோனியா வாங்கினால் கவனிக்க வேண்டியவை: உணவுத் தரம் என்று போட்டிருக்க வேண்டும். பச்சை மாவை ருசி பார்க்கக் கூடாது. ஓவன் கதவைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மூக்கில் ஏறும். ஆறியதும் வாடை போய்விடும். ஆறிய பின்னும் இருந்தால் உருண்டை பெரிதாகிவிட்டது, அல்லது வேகவில்லை என்று பொருள். கேக் போலத் தடிமனான, ஈரமான பண்டத்தில் இதைப் போடவே கூடாது, அம்மோனியா ஈரத்தில் கரைந்து உள்ளேயே தங்கிவிடும். டப்பாவை இறுக மூடாவிட்டால் தூள் தானாகவே ஆவியாகி வீரியம் இழக்கும். பழைய டப்பாவை வைத்துக்கொண்டு வெடிப்பு வரவில்லை என்பவர்கள் நிறைய.

சூடான_ட்ரே:
சுடும் வரிசை சுலபம்: ட்ரோம்மர் 150 டிகிரி, கோலாஸ்னித்தார் 175, ஹாலோன்க்ரோட்டர் 200 என்று ஏறுமுகமாகப் போங்கள். ஓவனைச் சூடாக்குவது எளிது, ஆறவைக்கத்தான் நேரம் பிடிக்கும். ட்ரோம்மர் எடுத்ததும் கதவைச் சில நிமிடம் திறந்து வைத்து வாடையை வெளியேற்றிவிட்டு அடுத்த ட்ரேயை வையுங்கள்.

இரண்டாவது கோலாஸ்னித்தார். வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 85, வெளிர்நிற சர்க்கரைப் பாகு (ஸ்வீடனில் யூஸ் சிராப், கோல்டன் சிரப் சரியாக வரும்) 2 மேசைக்கரண்டி, மைதா 150 கிராம், வெனிலா சர்க்கரை 1 தேக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி. இங்கே சோடாதான் வேண்டும், அந்தப் பழுப்பு நிறமும் டாஃபி மணமும் அதோடு சேர்ந்து வருபவை. தேன் ஊற்றினால் சீக்கிரம் கருகும், தேன் மணமே தூக்கலாக நிற்கும்.

மாவை ட்ரே நீளத்துக்கு 3 கயிறாக உருட்டி லேசாகத் தட்டுங்கள். நன்றாகப் பரவும், ஒரு ட்ரேயில் மூன்றுக்கு மேல் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 175 டிகிரியில் 12 நிமிடம் போல. வெளியே எடுத்து ஓரிரு நிமிடத்துக்குள் சாய்வாக வெட்டிவிட வேண்டும். ஆறினால் கத்தி பட்டதும் நொறுங்கும். வெட்டத் தாமதமாகிவிட்டால் ட்ரேயை ஒரு நிமிடம் ஓவனுக்குள் திருப்பி வைத்தால் இளகும்.

ஹாலோன்க்ரோட்டர்: வெண்ணெய் 200, சர்க்கரை 85, மைதா 270 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, வெனிலா சர்க்கரை 2 தேக்கரண்டி. சின்னக் காகிதக் கிண்ணங்களில் வைத்து, நடுவில் குழித்து, ராஸ்பெர்ரி ஜாம் அரைத் தேக்கரண்டி. 200 டிகிரி, 10 முதல் 12 நிமிடம். குழி அடிவரை போனால் ஜாம் காகிதத்தில் ஒட்டிக் கருகும். சர்க்கரை குறைத்த ஜாம் கொதித்து வழியும், கெட்டியானதே வாங்குங்கள்.

கரகரமொறுமொறு:
மூணுலயும் முட்டையே இல்லையே, ரொம்ப நல்லது! எல்லாத்தையும் ஒரே டின்ல போடலாமா?

மாவுச்சல்லடை:
வேண்டாம். ஜாமின் ஈரம் மற்ற இரண்டையும் நமத்துப்போகச் செய்யும். காபி விருந்தில் ஒரே தட்டில் அடுக்குவது வேறு, சேமிப்பது வேறு. வகைக்கு ஒரு டின், முழுக்க ஆறிய பிறகே மூடி. முன்கூட்டியே செய்வதானால் மூன்றையும் ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே நீர் கோத்துக்கொள்ளும்.